உறியும் நூலும் ஏரியும்

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களில் உலகின் பல நகரங்களில் மூன்று பழக்கங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலையெடுத்தன. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஊசியும் கம்பளி நூலும் வாங்கிப் பின்னத் தொடங்கினார்கள். கோதுமை மாவை நாட்கணக்கில் புளிக்கவைத்து ரொட்டி சுட்டார்கள். சன்னலோரம் நின்று, அதுவரை பெயர் தெரியாதிருந்த பறவைகளை அடையாளம் காணப் பழகினார்கள். பின்னல், புளிப்பு, இயற்கையைப் பார்த்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து 'எளிய இன்பங்கள்' என்ற பெயரைப் பெற்றன. அவசரத்துக்கு எதிரான வாழ்க்கைமுறை என்று அவற்றைக் கொண்டாடும் புத்தகங்களும் நிறைய வந்தன.

தமிழ் வாசகருக்கு இதைப் படிக்கையில் ஒரு சிறு புன்னகை தோன்றுவது இயல்பு. மாவு பொங்குவதை நம் வீட்டுப் பிள்ளைகள் எவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் புன்னகையோடு நின்றுவிடாமல் வேறொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். இந்த எளிய செயல்கள் நம் மண்ணில் யாருடைய கைகளால் செய்யப்பட்டன? அவர்களுக்கு அவை இன்பமாக இருந்தனவா, பிழைப்பாக இருந்தனவா? பிழைப்பு இன்பமாக மாறியது எப்போது, யாருக்கு?

இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பொருத்தமான இடம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை. ஆற்றங்கரை ஊர்களை விட்டால் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கரிசலிலும் செம்மண்ணிலும் பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளைந்த நிலம். டெல்டாவின் செழிப்பைக் கூப்பிடு தூரத்தில் பார்த்துக்கொண்டே, அதில் பெரிதும் பங்குபெறாமல் வாழ்ந்த நிலம். இத்தகைய நிலத்தில் எளிமை என்பது ஒருவர் விரும்பித் தேர்ந்துகொள்ளும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

நூல்

பருத்தி விளையும் நாட்டில் நூற்பு பழைய தொழில். புறநானூறு நூற்கும் பெண்களைப் 'பருத்திப் பெண்டிர்' என்று அழைக்கிறது. அதன் 326ஆம் பாட்டில் வேலியோரம் வரும் காட்டுப்பூனைக்கு அஞ்சி ஒரு பெட்டைக்கோழி இருளில் அலறுகிறது. பஞ்சிலுள்ள தூசையும் குப்பையையும் புடைத்து நீக்குவதற்காக அந்நேரத்தில் எழுந்த பருத்திப் பெண் ஒருத்தியின் சிறு விளக்கு அங்கே எரிகிறது. அவ்வொளியில் தன் சேவலைக் கண்ட பிறகே கோழியின் நடுக்கம் தணிகிறது. கோழியின் அச்சத்தைச் சொல்ல வந்த பாட்டு, ஊர் உறங்கும் வேளையிலும் அவளுக்கு வேலை இருந்தது என்பதையும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

நற்றிணையின் 353ஆம் பாட்டு இன்னும் சற்றுத் தெளிவானது. உயர்ந்த மலைமீது தவழும் மெல்லிய மேகத்துக்கு அது உவமை தேடுகிறது. துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் செய்த நுண்ணிய நூலே அந்த உவமை. கைம்பெண்கள் நூற்றுப் பிழைத்தார்கள் என்பது கேட்பவர் அனைவரும் அறிந்த செய்தியாக இருந்தாலொழிய இவ்வுவமை பிறந்திருக்காது. நூலின் அழகு கவிஞனுக்கு மேகமாகத் தெரிந்தது. நூற்றவளுக்கு அது அன்றைய அரிசியாக இருந்திருக்கும்.

இதற்கு ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1828இல், வங்காளத்தின் 'சமாசார் தர்ப்பண்' என்ற இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் சாந்திபூரைச் சேர்ந்த ஒரு கைம்பெண். இளம் வயதில் கணவனை இழந்து, மூன்று பெண் குழந்தைகளோடு நின்றவர். ராட்டையில் நூற்றே குடும்பத்தைக் காத்து, பெண்களுக்கு மணமும் முடித்தவர். இங்கிலாந்திலிருந்து மலிவான நூல் வந்திறங்கிய பிறகு நெசவாளர்கள் தன் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவர் முறையிடுகிறார். அம்முறையீட்டின் ஊடே ஓர் எண்ணம் ஓடுகிறது. இத்தனை தொலைவு கடந்து வந்து இவ்வளவு குறைந்த விலைக்கு விற்கப்படுகிறதென்றால், அதை நூற்ற அந்நாட்டுப் பெண்கள் தன்னைவிடவும் ஏழைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் இரங்குகிறார். அந்த நூலின் பின்னால் இருந்தது இயந்திரம் என்பது அவர் கற்பனைக்கு எட்டவில்லை. நூல் என்றால் அதன் மறுமுனையில் தன்னைப் போன்ற ஒருத்தி இருந்தாக வேண்டும் என்பதே அவர் அறிந்த உலகம். பின்னாளில் காந்தி இக்கடிதத்தைத் தம் 'யங் இந்தியா'வில் மறுபடி வெளியிட்டார்.

தென்னாட்டிலும் அந்த நூற்றாண்டில் நடந்தது அதுவே. ஆலை நூல் வந்து கைராட்டையை ஒழித்தது. கைத்தறி மட்டும் ஆலை நூலை ஏற்றுக்கொண்டு உயிர் தப்பியது. ஜெயங்கொண்டத்தை அடுத்த செங்குந்தபுரம் தன் பெயரிலேயே ஒரு நெசவுச் சமூகத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நூற்றவர்களின் பெயரால் ஓர் ஊர் இருப்பதாகத் தெரியவில்லை. தறி ஆணின் பெயரிலும் சமூகத்தின் பெயரிலும் நிலைத்தது. ராட்டை தனித்தனிப் பெண்களின் கையில் இருந்தது. அதனால் அது மறைந்தபோது பெயரும் மிஞ்சாமல் போயிற்று.

ஊசிகொண்டு பின்னும் கலை நமக்கு வெளியிலிருந்து வந்தது. அதன் வரலாறும் ஓய்வின் வரலாறன்று. எகிப்தில் கிடைத்துள்ள இடைக்காலப் பருத்திக் காலுறைகள் பின்னலின் மிகப் பழைய சான்றுகளில் சேர்கின்றன. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589இல் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பிச்சையெடுக்க நேரிடும் என்று சொல்லி முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் மறுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. இன்று நாம் மன அமைதிக்கான பொழுதுபோக்கு என்று கருதும் பின்னல், அந்நாட்டிலும் எளியவர்களின் சோறாகத்தான் இருந்தது.

தமிழ் நிலத்துக்கு நூற்பின்னல் வந்த வழிகளுள் ஒன்று நாகர்கோவில். 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை அப்போது சட்டப்படி நடைமுறையில் இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துச் சில பெண்கள் தம்மை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மார்த்தாவின் மகள் எலிசா பின்னர் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையும் அவருடன் சென்றது. ஒப்பிலக்கணத்துக்காக நாம் நினைவுகூரும் அவ்வூர், நூலின் வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய ஊர்.

அப்படியானால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பெண்கள் பொழுதுபோக்காகவே எதையும் பின்னியதில்லையா? பின்னியிருக்கிறார்கள். கம்பளிக்குத் தேவையில்லாத இவ்வெயில் நாட்டில் தமிழ்ப் பெண்கள் தமக்கென்று கண்டுகொண்ட பின்னல், பிளாஸ்டிக் வயர் கூடை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், மதியச் சமையல் முடிந்து மாலை விளக்கு வைக்கும் வரையிலான இடைவேளையில், திண்ணைதோறும் அது நடந்தது. சிவன்கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று வகைகள் பிறந்தன. ஒருத்தி கற்றுவந்த முடிச்சு ஒரே வாரத்தில் தெரு முழுவதும் பரவும். இரண்டு நிற வயர்களை எந்த வரிசையில் கோத்தால் கட்டம் எப்படி விழும் என்பதைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே கணக்கிட்டார்கள். முடிந்த கூடை நாத்தனாருக்குப் பரிசாகப் போகும், அல்லது சிறு தொகைக்கு விற்கும்.

இதை நம் கலை வரலாறுகள் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. பிளாஸ்டிக் என்பதால் அது மரபில் சேரவில்லை. பெண்களின் மதிய வேலை என்பதால் கலையிலும் சேரவில்லை. பிறகு மெல்லிய பைகள் வந்து கூடையை ஓரங்கட்டின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை விதித்தபோது, பரணில் கிடந்த வயர் கூடைகள் மறுபடியும் காய்கறிக் கடைக்குப் போயின. முப்பது ஆண்டுகள் உழைத்தும் முடிச்சு அவிழாத கூடைகள் அவற்றில் உண்டு. பிழைப்புக்காக மட்டுமின்றி, விரல்கள் விரும்பியதற்காகவும் பின்னிய ஒரு தலைமுறையின் சாட்சியமாக அவற்றைக் கொள்ளலாம். நூற்பின் நீண்ட வரலாற்றில் இன்பம் தெளிவாகத் தலைகாட்டும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலைக்கும் வேலைக்கும் நடுவே கிடைத்த இரண்டு மணி நேரமே அதற்குக் காரணம்.

புளிப்பு

வீட்டில் ஒன்றைப் புளிக்கவைக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கும் மிகப் பழைய தமிழ்க் குறிப்புகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் வழிமுறை இது: குற்றாத அரிசியைக் குழையக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். பிறகு, கரையான் புற்றின் உட்பகுதியைப் போலப் புள்ளிகள் நிறைந்த அடை ஒன்றை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் முதிரவிட்டு, கடைசியில் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். ஒவ்வொரு படியும் இன்றைய நுண்ணுயிரியலுக்கு உடன்பாடானது. ஆறவிடாமல் கலந்தால் நொதியூட்டும் உயிர்கள் இறந்துவிடும். அடை என்பது அவ்வுயிர்களைச் சேமித்து வைக்கும் ஊடகம்.

விருந்தினருக்குக் கொடுப்பதற்கென்று இல்லங்களில் ஆக்கப்பட்ட அந்த மதுவை இன்று ஒருவர் அதே முறையில் வீட்டில் ஆக்கினால் குற்றமாகும். சேலம் மாவட்டத்தில் 1937இல் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு பல திருப்பங்களைக் கண்டது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் கள்ளும் சாராயமும் அனுமதிக்கப்பட்டு, 1987இல் அவையும் தடைசெய்யப்பட்டன. ஆலையில் வடித்த மது மட்டும் பின்னர் நிலைத்தது. மது நல்லதா கெட்டதா என்ற வாதம் வேறு. வீட்டுக் கைத்திறனாக இருந்த ஒன்று முழுமையாக ஆலைக்கு இடம் மாறியது என்பதே இங்கே நமக்கு வேண்டிய செய்தி. நூலுக்கு நேர்ந்ததும் இதுவே.

வீட்டோடு தங்கிவிட்ட புளிப்புகள் வேறு: தயிர், கூழ், பழையது, இட்லி மாவு.

தயிரைப் பற்றிய மிக இனிய பாட்டு குறுந்தொகையின் 167ஆம் பாட்டு. மணமகளின் இல்லறத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அவளைப் பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்தது. கட்டித் தயிரைப் பிசைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே சமைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் வேறொன்றும் சொல்வதில்லை. புகையும் கறையும் பாட்டிலிருந்து விலக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உழைப்பை மறைத்துவிட்டு இன்பத்தை மட்டும் காட்ட அக்கவிஞர் முயலவில்லை. உழைத்தவளின் முகத்திலேயே இன்பம் தோன்றுகிறது. அதுவும் உண்டவன் ஒரு சொல் சொன்னதால்.

வானம் பார்த்த நிலத்தில் நெல்லுச்சோறு நாள்தோறும் கிடைக்கும் பொருளன்று. கி. ராஜநாராயணனின் கரிசல் கதைகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. கம்பும் சோளமும் வரகும் கேழ்வரகுமே அன்றாட உணவு. கம்பை இடித்து மாவாக்கி, முதல்நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் காய்ச்சினால் கூழ். அதையும் ஓரிரவு நீரில் போட்டு வைத்துக் காலையில் மோர் விட்டுக் கரைத்தால் களத்துமேட்டுக்குத் தூக்குவாளியில் போகும் உணவு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். பெரம்பலூர் வட்டாரத்தின் சின்ன வெங்காயம் பெயர் பெற்றது. செட்டிகுளம் பகுதியில் அறுவடைக்குப் பின் அதைப் பட்டறை போட்டுச் சேமிக்கிறார்கள். தரையிலிருந்து சற்று உயர்த்திக் காற்றோட்டமாக அமைக்கும் பட்டறையில் வெங்காயம் மாதக்கணக்கில் கெடாது. ஒன்றைப் புளிக்கவிடவும் இன்னொன்றைப் புளிக்காமல் காக்கவும் ஒரே மக்கள் அறிந்திருந்தார்கள்.

புளிப்பின் பயன் சுவை மட்டுமன்று. இரவில் ஊறியது காலையில் தயாராக இருந்தால் விடியலில் அடுப்பு மூட்ட வேண்டாம், விறகு மிச்சம். இருட்டோடு வயலுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு மணி நேர உறக்கமும் மிச்சம். மிஞ்சிய சோறு வீணாகாது. கோடையில் உடல் சூடு தணியும். இத்தனை அறிவும் சேர்ந்த உணவுக்குச் சமூகம் வைத்த பெயர் 'பழையது'. பழையது உண்பவர் என்பது வறுமையைக் குத்திக்காட்டும் சொல்லாக நெடுங்காலம் வழங்கியது. பண்ணையாளுக்கு அளிக்கப்பட்ட காலை உணவு அது. தந்தவரும் பெற்றவரும் ஒரே கலத்தில் அதை உண்டதில்லை. இன்று நகரத்து உணவகங்களில் மண்சட்டியில் அதற்கென்று தனி விலையோடு பரிமாறுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், குடல் அழற்சி நோயாளிகளுக்கு அது எவ்வாறு உதவும் என்று ஆராயவும் முன்வந்தார்கள். பழையதன் மதிப்பு உயர்ந்ததில் மகிழலாம். அதை உண்டதற்காகத் தலைகுனிய நேர்ந்தவர்களின் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது.

இட்லியின் கதை வேறு வகையானது. கன்னட நூலான வட்டாராதனை, ஏறத்தாழ கி.பி. 920இல், 'இட்டலிகே' என்ற பண்டத்தைக் குறிப்பிடுகிறது. உணவு வரலாற்றாசிரியர் கே. டி. ஆசயா பழைய நூல்களை ஒப்பிட்டு, அவற்றில் வரும் பண்டம் உளுந்தால் மட்டுமே ஆனது என்றார். அரிசி சேர்த்தல், நெடுநேரம் புளிக்கவிடுதல், ஆவியில் வேகவைத்தல் ஆகியவை அக்குறிப்புகளில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். இன்றைய இட்லி எப்போது முழுமை பெற்றது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அது உழவரின் வீட்டில் எப்போது அன்றாட உணவாயிற்று என்பதை முதியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி வெந்த வீடுகளில் பிறந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தப் பண்டிகை இட்லிக்கு முந்தைய மாலை ஆட்டுக்கல்லில் கழியும். ஒருத்தி குழவியைச் சுற்ற இன்னொருத்தி மாவைத் தள்ளிவிடுவாள். தோளும் இடுப்பும் நோகும். 1950களில் கோயம்புத்தூரில் மின் கிரைண்டர் உருவானது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாப் பொருட்கள் திட்டம், மிக்சியோடும் மின்விசிறியோடும் அதைக் குடிசைகளுக்கும் கொண்டு சேர்த்தது. அத்திட்டத்தைப் பற்றிய கேலிகள் பலவற்றை நாம் கேட்டிருக்கிறோம். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்திராதவர்களுக்கு அந்தக் கேலி எளிது. உடல் நோவை நீக்கிய பிறகும் புளிப்பின் இன்பம் அப்படியே எஞ்சியது. உப்பிட்டுக் கையால் கலக்குவது, மார்கழியில் பாத்திரத்தை அடுப்போரம் நகர்த்தி வைப்பது, காலையில் மூடி உயர்ந்திருப்பதைப் பார்ப்பது ஆகியவை வருத்தம் கலவாமல் அவளுக்குக் கிடைத்தன.

1965இல் நியூயார்க் மாநில ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியம் என்று காட்டியது. அது வெளியிலிருந்து சேர்ப்பதன்று. உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருவது. ஊறவைத்துக் காத்திருப்பது ஒன்றே மனிதர் செய்ய வேண்டியது. இப்போது அந்தக் காத்திருப்பையும் பொட்டலத்தில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். இரண்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆட்டுக்கல் போனதில் இழப்பு ஒன்றுமில்லை. ஒரு மாலைப்பொழுதுகூடத் தனக்கென்று மிஞ்சாததால் புளிப்பைக் கைவிட நேர்ந்தால், அது இழப்பு.

ஏரி

மூன்றாவது இன்பம் பார்த்திருத்தல். அதற்கு இவ்வட்டாரத்தில் நீண்ட வரலாறு உண்டு. அதுவும் மண் சுமந்தவர்களின் வரலாறாகவே தொடங்குகிறது.

கங்கைவரை சென்ற படையெடுப்புக்குப் பின் முதலாம் ராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்து, அதன் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதைப் போற்றுகின்றன. பொன்னேரி என்று மக்கள் வழங்கும் அதன் கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்பு சொல்கிறது. அந்நூற்றாண்டில் ஏரி தூர்ந்து காடு மண்டிக் கிடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நீர்நிலை பாழாகிக் கிடக்க, அதை வெட்டியவனின் கோயில் கற்கள் வேறொரு நீர்நிலைக்கு அணையாயின.

திருமழபாடிக்கு அருகிலுள்ள கண்டராதித்தம் என்ற ஊரின் பெரிய ஏரிக்குச் செம்பியன் மாதேவியின் பெயர் வழங்குகிறது. கண்டராதித்த சோழனின் தேவியான அவர், கணவன் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கியவர். அவரும் ஒரு கைம்பெண்தான். நற்றிணையின் பெயரற்ற பெண்கள் தம் துயரை நூலாக்கினார்கள். அரசிக்குச் செல்வமும் ஆணையும் இருந்தன. அவர் நினைவு கல்லிலும் நீரிலும் நின்றது. ஆனால் அந்த ஏரிக்கரையில் கூடை சுமந்தவர்களில் நூற்றுப் பிழைத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் பிழையில்லை. அண்மைக் காலத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையில் தமிழகக் குளங்களைத் தூர்வாரியவர்களில் பெரும்பான்மையினர் பெண்களே. ஏரி என்பது ஒருமுறை வெட்டி முடிக்கும் பொருளன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதை மறுபடி வெட்ட வேண்டியிருக்கிறது.

அவ்வாறு காக்கப்பட்ட ஏரி என்ன தரும் என்பதற்குக் கரைவெட்டி சான்று. திருமானூர் வட்டாரத்தில் சுமார் 454 ஹெக்டேர் பரப்பில் விரிந்த பாசன ஏரி அது. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து அதை நிரப்புகிறது. ஏறத்தாழ 198 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியுள்ளன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அவற்றில் புகழ்பெற்றது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் தட்டைவாயனும் குளிர்காலத்தில் கூட்டமாக இறங்கும். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரி, 2024 சனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே நீரில்தான் சுற்றுப்புற ஊர்களின் நெல்லும் கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. பறவைக்காக என்று தனியே ஒதுக்கிய நீர் அங்கே இல்லை. உழவருக்கான நீரில் பறவை பங்கு கேட்கிறது, உழவர் கொடுக்கிறார். தொலைநோக்கியோடு செல்லும் நாம் அந்தப் பங்கீட்டின் பயனை இலவசமாக அனுபவிக்கிறோம்.

இந்நிலத்தின் அடியிலும் பார்க்க இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்த பகுதி இது. சுருண்ட சிப்பிகளும் நத்தை வடிவ அம்மோனைட்டுகளும் உழவு சாலில் வெளிப்படும். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 12 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படுகிறது. 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கியது. 1979இல் அரசு ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் பெருகின. வேலையும் கூலியும் வந்தன. ஆழ்ந்த குழிகளும் சாலையோரப் புழுதியும் வந்தன. நாம் வசிக்கும் வீடுகள் அக்குழிகளிலிருந்து எழுந்தவை என்பதால், இயற்கையை நேசிப்பவர் என்று சொல்லிக்கொண்டு எவரும் இக்கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. எந்தக் குழி எங்கே நிற்க வேண்டும், எந்த ஓடையின் வரத்து வெட்டுப்படக் கூடாது என்று கேட்பதற்கு ஊருக்கு உரிமை இருக்க வேண்டும்.

உறி

பழைய வீடுகளின் உத்தரத்தில் உறி தொங்கும். நாரையோ நூற்கயிற்றையோ முறுக்கி, முடிச்சிட்டுப் பின்னிய வலை அது. அதனுள் வைக்கோற் பிரிமணை. அதன்மேல் தயிர்ப்பானை. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல், காற்றுப் படும்படி, தயிர் அங்கே உறையும். இவ்வட்டார வீடுகளில் பின்னலும் புளிப்பும் தனித்தனிக் கலைகளாக இருக்கவில்லை. ஒன்று மற்றொன்றைத் தாங்கியது. குளிர்பதனப் பெட்டி வந்தபின் உறி அருங்காட்சியகத்துக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் உரியதாயிற்று.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் பஞ்சு புடைத்தவளின் விளக்கையோ ஆட்டுக்கல்லின் தோள்வலியையோ யாரும் விரும்பித் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. இவ்வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. வயர் கூடை பின்னியவளுக்கு மதியத்தில் இரண்டு மணி நேரம் இருந்தது. குறுந்தொகைப் பெண்ணுக்கு 'இனிது' என்று சொல்ல ஒருவன் இருந்தான். கரைவெட்டியின் பறவைக்குப் பங்கு விட்ட உழவர் இருந்தார். செய்பவருக்குக் கொஞ்சம் ஓய்வும் கொஞ்சம் மதிப்பும் ஊருக்குப் பொதுவான நீரும் இருந்த இடங்களில் பிழைப்பு இன்பமாக மாறியிருக்கிறது. அவை இல்லாத இடங்களில் அதே செயல் வெறும் பாரமாகவே கிடந்திருக்கிறது.

இந்த வேலைகளை இன்று விரும்பிச் செய்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். கம்பளி பின்னுங்கள், மாவைப் புளிக்கவிடுங்கள், மார்கழிக் காலையில் கரைவெட்டிக் கரையில் நில்லுங்கள். சாந்திபூர்க் கைம்பெண் கடல் கடந்து வந்த நூலைக் கையிலெடுத்து, இதை நூற்றவள் யாரோ என்று நினைத்தாள். நம் கையில் உள்ள நூலையும் கலத்தில் உள்ள சோற்றையும் எதிரே கிடக்கும் ஏரியையும் பார்க்கும்போது அதே நினைப்பு நமக்கும் வரலாம். அதனால் அந்த இன்பம் குறைந்துவிடாது.